காரில் பெரிய ஆம்ப் வைப்பதற்கு முன்: பேட்டரி, ஆல்டர்னேட்டர், ஒயர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் கார் ஆடியோ பொருத்தும் வேலைக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. ஆம்ப்ளிஃபயரும் (சுருக்கமாக ஆம்ப்) சப்வூஃபரும் (பாஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) வாங்க வருகிறவர்கள் எந்த பிராண்ட், எத்தனை இன்ச், என்ன விலை என்று எல்லாம் கேட்பார்கள். அதற்கான மின்சாரம் எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு வாரம் கழித்து, லைட் மங்குகிறது, ஆம்ப் கட்டாகிறது, காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று திரும்பி வருவார்கள். அப்போது கேட்கும் கேள்விகள்தான் இவை. வாங்குவதற்கு முன்பே படித்துவிட்டால் பணமும் மிச்சம், வண்டியும் பத்திரம்.

பாஸ் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்குகிறது. புது பேட்டரி போட்டால் சரியாகுமா?

பெரும்பாலும் ஆகாது. எஞ்சின் ஓடும்போது காருக்கு மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர், நம் மெக்கானிக்குகள் டைனமோ என்று சொல்வது. பேட்டரியின் முக்கிய வேலை வண்டியைக் கிளப்பிவிடுவது. அதன் பிறகு அதுவும் ஆல்டர்னேட்டரிடம் சார்ஜ் வாங்கிக்கொள்ளும் ஒரு பொருள்தான்.

ஓடும் வண்டியில் சாதாரணமாக 13.8 முதல் 14.4 வோல்ட் இருக்கும். ஒரு பாஸ் அடி விழுந்ததும் ஆம்ப் சட்டென்று 80 ஆம்பியர் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆல்டர்னேட்டரால் அதே நொடியில் ஏறிக் கொடுக்க முடியாது. வோல்டேஜ் சரிந்து 12.5 பக்கம் வந்ததும் பேட்டரி கைகொடுக்கிறது. அந்தச் சரிவைத்தான் உங்கள் கண் பார்க்கிறது. ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் குறையும், அதனால்தான் அவ்வளவு பளிச்சென்று தெரிகிறது. எல்இடி ஹெட்லைட் உள்ள வண்டிகளில் இது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். ஆனால் சரிவு அங்கேயும் இருக்கிறது.

லைட்டை விட ஆம்புக்குத்தான் நட்டம் அதிகம். நல்ல கம்பெனிகள் ஆம்பின் பவரை 14.4 வோல்ட்டில் அளந்துதான் போடுகின்றன. பெரும்பாலான ஆம்ப்களில் அது 12 வோல்ட்டுக்கு இறங்கினால் பவரில் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் போய்விடும். சத்தம் குறைகிறதே என்று நீங்கள் வால்யூமை ஏற்றுவீர்கள், ஆம்ப் கிளிப் ஆகும் (தாங்காமல் ஒலியலையின் உச்சியை வெட்டிவிடும்), சப்வூஃபரின் வாய்ஸ் காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச்சுருள், சூடாகிக் கருகும். ஸ்பீக்கர் மட்டம் என்று பழி சொல்லிக் கொண்டுவரும் கருகிய காயில்களில் பல இப்படிப் போனவைதான்.

அப்படியானால் எதை முதலில் மாற்றுவது?

எதையும் மாற்றாதீர்கள், முதலில் அளந்து பாருங்கள். ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும்.

இரவு முழுக்க நிறுத்திய வண்டியில், காலையில் கதவைத் திறந்து விளக்கு எதுவும் எரியவிடாமல் பேட்டரியை அளங்கள். 12.6 இருந்தால் நல்ல சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல், அளங்கள். அப்புறம் ஏசி, புளோயர், ஹெட்லைட் எல்லாவற்றையும் போட்டுவிட்டு இன்னொரு முறை. பாட்டே போடாமல், ஏசிக்கும் லைட்டுக்குமே 13.2-க்குக் கீழே வந்துவிட்டால், ஆம்புக்குக் கொடுக்க ஆல்டர்னேட்டரிடம் மிச்சமே இல்லை.

அடுத்துதான் முக்கியமான அளவு. நீங்கள் வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் நல்ல பாஸ் உள்ள பாட்டைப் போட்டு, ஆம்பின் டெர்மினலிலேயே அளங்கள். பேட்டரியில் அளந்தால் பாதிக் கதைதான் தெரியும். கடைசியாக, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொரு முனையை ஆம்பின் எர்த் டெர்மினலிலும் (வண்டியின் தகர பாடியோடு இணையும் நெகட்டிவ் முனை) வையுங்கள். ஒரு நீள ஒயர் துண்டு தேவைப்படும். பாட்டு ஓடும்போது 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. 0.3-ஐத் தாண்டினால் உங்கள் பிரச்சினை அங்கேதான். பாசிட்டிவ் பக்கமும் இதேபோல பேட்டரியிலிருந்து ஆம்ப் வரை பாருங்கள், அரை வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும்.

போன மாதம் ஒரு பழைய ஸ்விஃப்ட் வந்தது. புது பேட்டரி போடுவதற்குப் பணத்தோடு வந்திருந்தார். பாட்டு ஓடும்போது பேட்டரியில் 13.1, ஆம்பில் 11.4. நடுவில் 1.7 வோல்ட் எங்கோ தொலைகிறது. அளந்து பார்த்தால் எர்த் பக்கம் மட்டும் 1.2. டிக்கி விரிப்பைத் தூக்கினேன். எர்த் ஒயரின் நுனியை முறுக்கி, பெயின்ட் அடித்த தகரத்தின் மேலேயே ஒரு சின்ன ஸ்க்ரூவை வைத்து இறுக்கியிருந்தார்கள். ஸ்க்ரூவைச் சுற்றிப் பெயின்ட் பழுப்பு நிறத்துக்கு மாறியிருந்தது. கத்தியால் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, வெள்ளைத் தகரம் தெரிந்த இடத்தில் 8 எம்எம் போல்ட், ஸ்டார் வாஷர், கிரிம்ப் செய்த லக் (ஒயர் நுனியில் நசுக்கிப் பிடித்த உலோக வளையம்) என்று வைத்தேன். எர்த் இழப்பு 0.06-க்கு வந்தது. பேட்டரிப் பணத்தை அவர் வீட்டுக்கே கொண்டுபோனார்.

எர்த் எடுக்கும்போது வேறு என்ன பார்க்க வேண்டும்?

ஒயர் அரை மீட்டரைத் தாண்டக் கூடாது. பாசிட்டிவ் ஒயர் என்ன கனமோ அதே கனம்தான் இதற்கும். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் மாட்டவே கூடாது. வசதியாக இருக்கிறதே என்று பலர் அதில்தான் மாட்டுகிறார்கள். விபத்தில் உயிரைப் பிடித்து நிறுத்தும் போல்ட் அது, நடுவில் லக் செருகி அதன் பிடியைக் குறைப்பதற்கு எந்தப் பாட்டும் ஈடாகாது. சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர்களில் ஓடும் வண்டி என்றால், போல்ட்டை இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவி மூடிவிடுங்கள். சுரண்டிய தகரம் உப்புக்காற்றில் ஒரே மழைக்காலத்தில் துரு பிடிக்கும்.

ஆம்பில் 2000 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது. எத்தனை ஆம்பியர் இழுக்கும்?

அட்டைப் பெட்டியில் போட்டிருப்பதை மறந்துவிடுங்கள். ஆம்பின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு இருந்தால் மொத்தம் 60. அதை 13.8-ஆல் பெருக்கினால் 828 வாட்ஸ். உள்ளே போவதே இவ்வளவுதான் என்றால் வெளியே 2000 எப்படி வரும்? கிளாஸ் ஏபி வகை ஆம்ப் உள்ளே போவதில் ஐம்பது, அறுபது சதவீதத்தைத்தான் சத்தமாக மாற்றும், மீதி சூடாகப் போய்விடும். அந்தக் கணக்கில் இது 450 வாட்ஸ் ஆம்ப். கிளாஸ் டி என்றால் எண்பது சதவீதம் வைத்து 660 என்று சொல்லலாம்.

உண்மையிலேயே 1000 வாட்ஸ் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய பவர்) தரும் கிளாஸ் டி ஆம்ப் முழு வீச்சில் 90 ஆம்பியர் இழுக்கும். அதே பவருக்குக் கிளாஸ் ஏபி 130-ஐத் தாண்டும். சப்வூஃபருக்குக் கிளாஸ் டி மட்டுமே வாங்குங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

ஒரு ஆறுதல் உண்டு. பாட்டு என்பது இடைவிடாத ஒரே சத்தம் இல்லை. தவில் அடியோ பறை அடியோ சட்டென்று விழுந்து அடங்கிவிடும், நடுவில் இடைவெளி இருக்கிறது. அந்த மாதிரிப் பாட்டுகளில் சராசரி கரண்ட் உச்சத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. இப்போது வரும் எலக்ட்ரானிக் பாட்டுகளில் பாஸை நீட்டி இழுத்து விடுகிறார்கள். அதில் சராசரி நன்றாக ஏறும். எந்த மாதிரிப் பாட்டு கேட்பீர்கள் என்று நான் முதலிலேயே கேட்பது இந்தக் கணக்குக்காகத்தான்.

என் கார் ஆல்டர்னேட்டர் 75 ஆம்பியர். 90 இழுக்கும் ஆம்பைத் தாங்குமா?

நம் ஊர்ச் சின்ன கார்களில் பெரும்பாலும் 60 முதல் 90 ஆம்பியர் வரைதான் இருக்கும். ஆல்டர்னேட்டரின் உடம்பில் ஒட்டிய லேபிளில் அந்த எண் இருக்கும். ஆனால் அது வேகமாகச் சுற்றும்போது தரும் அளவு. சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது பாதிதான் வரும். சூடு ஏற ஏற அதிலும் குறையும்.

மே மாத இரவில், அவிநாசி ரோட்டு நெரிசலில் நிற்கும் வண்டியை நினைத்துப் பாருங்கள். ஹெட்லைட் 10 ஆம்பியர். புளோயர் 10, 15. ரேடியேட்டர் ஃபேன் சுற்றினால் இன்னொரு 15. ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் சேர்ந்து 10. மொத்தம் 45, 50 ஆகிவிட்டது. 75 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் ஐடிலில் தருவதே 40 சொச்சம். ஆம்ப் இன்னும் கேட்கவே ஆரம்பிக்கவில்லை, அதற்குள் பேட்டரியிலிருந்து போக ஆரம்பித்துவிட்டது. ஹைவேயில் போகும்போது எல்லாம் நன்றாக இருக்கிறது, ஊருக்குள் வந்தால்தான் தொல்லை என்று சொல்பவர்களுக்கு இதுதான் காரணம்.

என் அனுபவத்தில், ஆர்எம்எஸ் கணக்கில் 500 வாட்ஸ் வரை உள்ள கிளாஸ் டி ஆம்புக்கு ஆல்டர்னேட்டரைத் தொட வேண்டியதில்லை. ஒயரும் எர்த்தும் பேட்டரியும் ஒழுங்காக இருந்தால் போதும். 1000 பக்கம் போனால் யோசிக்க வேண்டும். அதற்கு மேலே என்றால் ஆல்டர்னேட்டர் செலவையும் சேர்த்து பட்ஜெட் போடுங்கள்.

பிக் த்ரீ என்கிறார்களே, அது என்ன?

பானெட்டுக்குள் இருக்கும் மூன்று ஒயர்களைக் கனமாக்குவது. ஆல்டர்னேட்டர் பாசிட்டிவிலிருந்து பேட்டரி பாசிட்டிவுக்கு ஒன்று, பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கு ஒன்று, எஞ்சின் பிளாக்கிலிருந்து பாடிக்கு ஒன்று. கம்பெனி போட்டிருக்கும் ஒயர்கள் கம்பெனி கணக்குப் போட்ட லோடுக்கு மட்டும்தான். நீங்கள் அதில் 90 ஆம்பியரைக் கூடுதலாக ஏற்றப் போகிறீர்கள்.

இருக்கும் ஒயரைக் கழற்ற வேண்டாம். அதன் கூடவே புதியதைப் போட்டால் போதும். ஆல்டர்னேட்டர் ஒயரில் பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் கட்டாயம், அதன் அளவு ஆல்டர்னேட்டரின் ஆம்பியரை விடக் கொஞ்சம் அதிகமாக இருக்க வேண்டும். எஞ்சின் குலுங்கும் என்பதால் எஞ்சினிலிருந்து வரும் ஒயர்களில் சற்றுத் தொய்வு விடுங்கள். கொடுக்கும் காசுக்கு இந்த அளவு பலன் தரும் வேலை வேறு எதுவும் இல்லை. எஞ்சின் எர்த் மட்டும் மாற்றி, ஐடிலில் அரை வோல்ட் கூடிய பழைய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

எந்த அளவு ஒயர் வாங்குவது? கடையில் கேஜ் என்கிறார்கள், ஸ்கொயர் எம்எம் என்கிறார்கள்.

8 கேஜ் என்பது 8.4 ஸ்கொயர் எம்எம். 4 கேஜ் என்பது 21. 0 கேஜ் என்பது 53. கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிக்கும்.

பானெட்டிலிருந்து டிக்கி வரை வளைத்து நெளித்துப் போனால் ஐந்து மீட்டர் ஆகும். அந்த நீளத்தில் 90 ஆம்பியர் போனால் 8 கேஜில் 0.9 வோல்ட் தொலையும், 4 கேஜில் 0.37, 0 கேஜில் 0.15. இது நல்ல செம்பு ஒயருக்கான கணக்கு. சந்தையில் விற்கும் கிட்களில் முக்கால்வாசி சிசிஏ, அதாவது உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. அதன் தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். 4 கேஜ் சிசிஏ வாங்கினால் இழப்பு 0.6-க்குப் போய்விடும். இன்னும் மோசம் என்னவென்றால், சில கிட்களில் ரப்பர் உறைதான் தடி, உள்ளே கம்பி ஒல்லி.

ஒரு இழையை எடுத்து பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறம் இருந்தால் செம்பு, வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். கையில் தூக்கினாலும் தெரியும், அலுமினியம் பொசுக்கென்று லேசாக இருக்கும். ஆடியோ ஒயர் விலை கட்டுப்படி ஆகவில்லை என்றால், எலக்ட்ரிக்கல் கடையில் செம்பு வெல்டிங் கேபிள் கேளுங்கள். 25 ஸ்கொயர் எம்எம் என்பது 4 கேஜை விடச் சற்றுத் தடி, 50 என்பது கிட்டத்தட்ட 0 கேஜ். இழை மெல்லிசாக இருப்பதால் நன்றாக வளையும். அதிலும் அலுமினியம் விற்கிறார்கள், கேட்டு வாங்குங்கள். நான் என் சொந்த வண்டியில் போட்டிருப்பது வெல்டிங் கேபிள்தான்.

பேட்டரிப் பக்கத்தில் ஃபியூஸ் எதற்கு? ஆம்பிலேயே ஃபியூஸ் இருக்கிறதே?

ஆம்பில் இருக்கும் ஃபியூஸ் ஆம்புக்கானது. பேட்டரிப் பக்கத்தில் வைப்பது ஒயருக்கானது. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதி ஆபத்து போய்விடும்.

சில வருடம் முன்னால், திண்டிவனம் தாண்டி ஒரு வண்டி நின்றுவிட்டது என்று இரவு பதினொன்றரைக்கு எனக்கு போன். என் சித்தப்பா மகன் வண்டி, ஆடியோ வேறு ஒரு ஊரில் போட்டது. ரப்பர் கருகும் வாடை வந்ததும் நிறுத்திவிட்டான். பானெட்டைத் திறக்கச் சொன்னேன், பேட்டரி நெகட்டிவைக் கழற்றச் சொன்னேன். கையில் ஸ்பானர் இல்லை. ஒரு லாரி டிரைவர் கொடுத்து உதவினார். மறுநாள் பார்த்தால், எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகரத்தில் ஓட்டை போட்டு, ரப்பர் கிராமெட் வைக்காமல் ஒயரை நுழைத்திருக்கிறார்கள். ஏழெட்டு மாதம் குலுங்கிக் குலுங்கித் தகரத்தின் விளிம்பு உறையை அறுத்துவிட்டது. ஃபியூஸ் இருந்தது, ஆனால் டிக்கியில், ஆம்புக்குப் பக்கத்தில். ஒயர் தகரத்தைத் தொட்டது அதற்கு முன்னால். பேட்டரியிலிருந்து பல நூறு ஆம்பியர் அந்தத் தொடு புள்ளி வழியாகப் பாய்ந்திருக்கிறது, தடுக்க ஒன்றும் இல்லை. கார்ப்பெட்டில் உள்ளங்கை அளவுக்குக் கருகல். வாடை தெரிந்ததால் பிழைத்தான்.

அதனால் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ். செம்பு ஒயரில் 8 கேஜுக்கு 60 ஆம்பியர், 4 கேஜுக்கு 125 முதல் 150, 0 கேஜுக்கு 250 முதல் 300 என்பது மேல் வரம்பு. சிசிஏ என்றால் இன்னும் குறைவாக. தகரத்தைத் தாண்டும் ஒவ்வொரு இடத்திலும் கிராமெட். சிஎன்ஜி வண்டியில் டிக்கியில் சிலிண்டர் இருக்கும், அதன் குழாய் ஒரு பக்கம் போகிறது என்றால் ஒயர் மறுபக்கம் போகட்டும்.

கெபாசிட்டர் போட்டால் லைட் மங்குவது நிற்குமா?

கெபாசிட்டர் என்பது மின்சாரத்தைக் கொஞ்சம் சேர்த்து வைத்துச் சட்டென்று விடும் பாகம். ஒரு ஃபாரட் கெபாசிட்டர் 14 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்கும்போது கொடுக்கும் சக்தி 26 ஜூல். ஆயிரம் வாட்ஸ் இழுத்தால் அது வினாடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரம்தான் வரும். ஒரு பாஸ் அடியே அதைவிட நீளம். அதே பணத்தை ஒயரில் போடுங்கள்.

பேட்டரி பெரிதாகப் போட வேண்டுமா? ஏஜிஎம், லித்தியம் எது நல்லது?

சின்ன பெட்ரோல் கார்களில் 35 ஏஎச் (ஆம்பியர்-அவர்) பேட்டரிதான் வருகிறது. ட்ரேயில் உட்கார்ந்தால் ஒரு அளவு கூட்டிப் போடலாம். பேட்டரிக்கு மூன்று, நான்கு வயது ஆகிவிட்டது என்றால் எப்படியும் மாற்றுங்கள். வயதான பேட்டரியின் உள் தடை கூடிவிடும், வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் பாஸ் அடிக்குத் தாங்காது.

ஏஜிஎம், அதாவது அமிலத்தைக் கண்ணாடி நாரில் உறிஞ்சவைத்த ஈய பேட்டரி, சட்டென்று அதிகக் கரண்ட் கொடுக்கும், திரவம் சிந்தாது. ஆனால் சூடு அதற்கு எதிரி. ஈய பேட்டரி எதுவாக இருந்தாலும் வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. நம் வெயிலில் எஞ்சினுக்குப் பக்கத்தில் ஏஜிஎம் வைத்து இரண்டே வருடத்தில் போன பேட்டரிகள் உண்டு. முடிந்தால் அதை டிக்கிக்குக் கொண்டுபோங்கள்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை, பாட்டு ஓடும்போதும் 13-க்கு மேலேயே நிற்கும், எடையும் குறைவு. கேட்கவே ஆசையாக இருக்கும். ஆனால் சார்ஜ் குறைந்திருக்கும்போது ஆல்டர்னேட்டரிடம் இருப்பதை எல்லாம் உறிஞ்சும். சின்ன ஆல்டர்னேட்டர் அரை மணி நேரம் முழு லோடில் ஓடினால் அதன் டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) போய்விடலாம். ஆல்டர்னேட்டரைப் பெரிதாக்காமல் லித்தியத்துக்குப் போகாதீர்கள். எஞ்சின் பக்கத்தில் வைக்கவும் கூடாது.

டிக்கியில் இரண்டாவது பேட்டரி வைக்கலாமா?

வைக்கலாம். சாதாரண திரவ பேட்டரி மட்டும் வேண்டாம், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், டிக்கியும் நீங்கள் உட்காரும் இடமும் ஒரே காற்றுதான். ஏஜிஎம் வைத்து, இரும்புப் பட்டையால் பாடியோடு போல்ட் போட்டுக் கட்டுங்கள். பதினைந்து, இருபது கிலோ கட்டி ஒன்று பிரேக் அடித்தால் முன்னால் பறந்து வரக் கூடாது. இரண்டு பேட்டரிகளை இணைக்கும் ஒயரின் இரு முனையிலும் ஃபியூஸ் வேண்டும். ஏனென்றால் இப்போது இரண்டு பக்கமிருந்தும் கரண்ட் வரும்.

நடுவில் ஐசொலேட்டர் ரிலே போட்டால், எஞ்சினை நிறுத்தியதும் முன் பேட்டரி தனியாகப் பிரிந்து நிற்கும். பாட்டு எவ்வளவு ஓடினாலும் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இரண்டாவது பேட்டரி புதிதாக மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. அதையும் நிரப்ப வேண்டியது அதே ஆல்டர்னேட்டர்தான்.

பெரிய ஆல்டர்னேட்டர் எங்கே கிடைக்கும்?

அமெரிக்காவில் ஒவ்வொரு மாடலுக்கும் 200, 300 ஆம்பியர் ரெடிமேடாக விற்கிறார்கள். நம் கார்களுக்கு அப்படி இல்லை. இங்கே நடக்கக்கூடியது, அதே எஞ்சினின் உயர்ந்த மாடலிலோ அதே குடும்பத்து டீசல் வண்டியிலோ வரும் பெரிய ஆல்டர்னேட்டரைத் தேடுவது. பழைய உதிரிபாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் பொறுமையாகத் தேடினால் கிடைக்கும். போல்ட் ஓட்டைகள் பொருந்த வேண்டும், புல்லியில் பெல்ட்டின் வரிகள் ஒன்றாக இருக்க வேண்டும், பின்னால் கனெக்டரும் ரெகுலேட்டரும் உங்கள் ஈசியு-வுக்கு ஒத்துவர வேண்டும். இந்த மூன்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. ஆல்டர்னேட்டர் 100 ஆம்பியர் கொடுக்கும்போது எஞ்சினிடமிருந்து சுமார் மூன்று குதிரைத்திறனை எடுத்துக்கொள்ளும். அந்தச் சுமை முழுதும் பெல்ட் மேல்தான். பழைய பெல்ட் வழுக்கும், கீச்சென்று கத்தும். ஆல்டர்னேட்டர் மாற்றும் அன்றே பெல்ட்டும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் பாருங்கள்.

இருக்கும் டைனமோவையே காயில் மாற்றிக் கட்டித் தருகிறேன் என்கிறார்கள்.

காயிலை மட்டும் தடித்த கம்பியில் கட்டினால், ஆறு டையோடும் பழைய அளவிலேயே இருக்கும், முதலில் அவைதான் போகும். ஐடிலில் கிடைப்பது முன்பை விடக் குறையவும் செய்யலாம். டையோடு பிளேட்டையும் சேர்த்து மாற்றி, ஐடிலில் எத்தனை ஆம்பியர் வருகிறது என்று கிளாம்ப் மீட்டரில் காட்டுபவரிடம் மட்டும் கொடுங்கள்.

புது வண்டி, ஸ்மார்ட் ஹைப்ரிட். வோல்டேஜ் ஏறி இறங்குகிறது, கோளாறா?

கோளாறு இல்லை. இந்த வண்டிகளில் எப்போது சார்ஜ் செய்ய வேண்டும் என்று ஈசியு முடிவு செய்கிறது. நீங்கள் ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது 12.6, 13 என்று இறக்கிவிடும், கால் எடுத்ததும் 14.5-க்கு ஏற்றும். மைலேஜுக்காகச் செய்வது. மாருதி சுஸுகி 2015-இல் சியாஸ் டீசலில் கொண்டுவந்து, பிறகு எர்டிகா முதலான வண்டிகளுக்கும் கொடுத்த அமைப்பில், ஆல்டர்னேட்டரே ஸ்டார்டர் வேலையையும் பார்க்கிறது, எஞ்சினுக்கு உந்துதலும் கொடுக்கிறது. அதை மாற்றுவது பற்றி நினைக்கவே வேண்டாம்.

இந்த மாதிரி வண்டிகளில் பேட்டரி நெகட்டிவ் டெர்மினலில் ஒரு சின்ன கறுப்புப் பெட்டி இருக்கும். போகும் வரும் கரண்டை எண்ணும் சென்சார் அது. நீங்கள் போடும் எந்த எர்த் ஒயரையும் நேராக பேட்டரி முனையில் மாட்டாதீர்கள், சென்சாரைத் தாண்டி பாடியில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் ஆம்ப் எடுத்த கரண்ட் கணக்கில் வராது. பேட்டரி நிறைந்திருக்கிறது என்று ஈசியு நினைத்துக்கொண்டிருக்கும், பேட்டரி காலியாகிக்கொண்டிருக்கும்.

எலக்ட்ரிக் காரில்?

அதில் ஆல்டர்னேட்டர் கிடையாது. பெரிய பேட்டரியிலிருந்து ஒரு கன்வெர்ட்டர் 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும். அதன் வரம்புக்குள் அடங்கும் ஆம்பை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுக்கலாம். ஆரஞ்சு நிறக் கேபிள்கள் பக்கம் கை போகவே கூடாது. நூற்றுக்கணக்கான வோல்ட், உயிர் போய்விடும்.

எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஸ்பீக்கரில் ஒரு ஊளைச் சத்தம் வருகிறது.

எர்த்தைத் திரும்பப் பாருங்கள். ஹெட் யூனிட்டும் (டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ) ஆம்பும் வேறு வேறு எர்த் அளவில் இருந்தால் இந்தச் சத்தம் வரும். பவர் ஒயர் ஒரு பக்கமும் ஹெட் யூனிட்டிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ ஒயர் மறுபக்கமும் போக வேண்டும். இரண்டும் சரியாக இருந்தும் நிற்கவில்லை என்றால், எஞ்சின் ஓடும்போது மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் (மாறுமின்னழுத்த அளவில்) வைத்து பேட்டரியை அளங்கள். அரை வோல்ட் காட்டினால் ஆல்டர்னேட்டர் டையோடு போயிருக்கிறது.

கொடைக்கானல் போய் வண்டியை நிறுத்திவிட்டு எவ்வளவு நேரம் பாட்டுக் கேட்கலாம்?

35 ஏஎச் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது, எடுத்தால் ஆயுள் குறையும். சராசரி 20 ஆம்பியர் இழுத்தால் முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் அதுவும் வராது. 12.2 காட்டினால் நிறுத்திவிடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் என்றால் எப்படியும் நிறுத்த வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கிச் சத்தத்துக்குத் தடை போடுகின்றன. பக்கத்து அறையில் குழந்தை தூங்கும் என்பதற்கு விதியும் தேவையில்லை.

500 வாட்ஸ் இருக்கிறது. 1000 ஆக்கினால் சத்தம் இரண்டு மடங்கு ஆகுமா?

ஆகாது. பவரை இரட்டித்தால் மூன்று டெசிபல்தான் கூடும், "கொஞ்சம் ஏறியிருக்கிறதோ" என்று தோன்றும் அளவு. காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமானால் பவர் பத்து மடங்கு வேண்டும். ஆனால் ஒயர், ஃபியூஸ், ஆல்டர்னேட்டர் செலவு மட்டும் உடனே இரண்டு மடங்காகிவிடும். அதனால் 500-இல் திருப்தி இல்லை என்று வருபவரின் கதவுக்கு அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டி, சப்வூஃபர் பாக்ஸின் கொள்ளளவை ஸ்பீக்கருக்குச் சரியாக மாற்றித் தருவேன். பாதிப் பேர் அதோடு பெரிய ஆம்ப் யோசனையை விட்டுவிடுகிறார்கள். மின்சாரத்தில் ஒரு ஆம்பியர்கூடக் கூடுவதில்லை.

எல்லாம் போட்டாகிவிட்டது. பிறகு என்ன கவனிக்க வேண்டும்?

ஒரு மாதம் ஓட்டிய பிறகு எல்லா போல்ட்டையும் இன்னொரு முறை இறுக்குங்கள், குலுக்கலில் தளரும். அரை மணி நேரம் நல்ல சத்தத்தில் பாட்டுக் கேட்டுவிட்டு, எஞ்சினை நிறுத்தி, பேட்டரி டெர்மினல், ஃபியூஸ் ஹோல்டர், எர்த் லக் மூன்றையும் விரலால் தொட்டுப் பாருங்கள். கதகதப்பாக இருந்தால் பரவாயில்லை. விரல் வைக்க முடியாமல் சுட்டால் அந்த இணைப்பைக் கழற்றி, சுத்தம் செய்து, லக்கைத் திரும்ப கிரிம்ப் செய்த பிறகுதான் மறுபடி பாட்டைப் போட வேண்டும்.